நாலு பேர் தாயத்துக்கு எட்டுப் பேர் வந்தால்?

தாயக்கட்டத்துக்குப் பக்கம் நாலு. பக்கத்துக்கு ஓர் ஆள். ஆக, நாலு பேர் ஆடலாம். இது ஊர் அறிந்த கணக்கு.

ஆனால், வீட்டில் இருப்பவர்கள் கணக்குப் பார்த்தா பிறக்கிறார்கள்? பாய் விரித்துக் கட்டம் போட்டதும் எட்டுப் பேர் வந்து உட்கார்ந்து விடுகிறார்கள். "நானும் ஆடுவேன்" என்று சிறுவன் கத்துகிறான். "என்னை விட்டுவிட்டு ஆட்டமா?" என்று கிழவி கேட்கிறாள். யாரை எழுந்து போகச் சொல்வது?

வேங்கிக்கால் வீடுகளில் கார்த்திகை மாதத்தில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது.

திருவண்ணாமலையில் இருந்து வேலூர் போகும் சாலையில் இருக்கிறது வேங்கிக்கால். பெரிய ஏரி உள்ள ஊர். 1989-ம் ஆண்டு திருவண்ணாமலை தனி மாவட்டம் ஆயிற்று. அந்த மாவட்டத்தின் கலெக்டர் அலுவலகம் வேங்கிக்காலில்தான் இருக்கிறது. மனு கொடுக்க வருகிறவர்கள் எல்லோருக்கும் இந்த ஊர் தெரியும். ஆனால் உறவினர்களுக்கு இந்த ஊர் தெரிவது வேறு காரணத்தால். மொட்டை மாடியில் ஏறி நின்றால் அண்ணாமலை தெரியும்!

தீபத் திருநாள் அன்று மாலை 6 மணிக்கு மலை உச்சியில் தீபம் ஏற்றுவார்கள். 2,668 அடி உயரத்தில் எரியும் விளக்கு அது. அதைப் பார்க்கப் பெரியப்பா வருவார். அத்தை வருவாள். மாப்பிள்ளையும் மகளும் பிள்ளைகளோடு வருவார்கள். நாலு பேர் இருக்கிற வீட்டில் பதினாலு பேர். வெளியிலோ மழைத் தூறல், தெருவெல்லாம் கூட்டம். சாப்பாடு முடிந்தபின் தீபம் ஏற்றும் நேரம் வரை பொழுது போக வேண்டும். தொலைக்காட்சியை எவ்வளவு நேரம்தான் பார்ப்பது? அப்போது யாராவது ஒருவர் சுண்ணாம்புக் கட்டியை எடுத்து, தரையில் கட்டம் கிழிப்பார். வினை அங்கேதான் ஆரம்பம்.

ஆட்டம் இதுதான்

தாயம் ஆடாத வீடு இல்லை. ஆனாலும் கைப்பேசியிலேயே வளர்ந்த பிள்ளைகளுக்காக ஒரு முறை சொல்லி விடலாம்.

பக்கத்துக்கு ஐந்து கட்டம் போட்டால் மொத்தம் 25 கட்டம். ஏழு கட்டம் போட்டால் 49. ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் ஒரு குறுக்குக் கோடு போட்ட கட்டம் இருக்கும். அங்கே இருக்கும் காயை யாரும் வெட்ட முடியாது. அந்தக் கட்டத்துக்குச் சில ஊர்களில் "மலை" என்று பெயர். வெளிச்சுற்றைச் சுற்றி வந்து, உள்ளே நுழைந்து, நடுக் கட்டத்தை அடைந்தால் காய் "பழம்". எல்லாக் காய்களையும் முதலில் பழமாக்கியவர் கெலித்தார்.

போகிற வழியில் எதிரியின் காய் நிற்கும் கட்டத்தில் சரியாகப் போய் விழுந்தால் வெட்டு! வெட்டுப்பட்ட காய் மறுபடி வெளியே போக வேண்டும். பல வீடுகளில், ஒரு வெட்டாவது வெட்டாதவர் உள்சுற்றுக்குப் போகக்கூடாது.

உருட்டுவதற்குப் பித்தளைத் தாயக்கட்டை இரண்டு. ஒவ்வொன்றிலும் நாலு பக்கம். ஒரு பக்கத்தில் ஒரு புள்ளி, இன்னொன்றில் இரண்டு, மற்றொன்றில் மூன்று, நாலாவது வெறுமை. இரண்டையும் கூட்டி ஒன்று வந்தால் "தாயம்". இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு. தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு இந்த நாலில் எது விழுந்தாலும் இன்னொரு முறை உருட்டலாம். மற்றது விழுந்தால் கட்டை அடுத்தவர் கைக்குப் போகும்.

எல்லாவற்றுக்கும் மேல் ஒரு சட்டம்: தாயம் விழாமல் காய் இறங்காது.

எட்டுப் பேர் ஆடும்போது தொல்லை கொடுப்பது இந்தச் சட்டம்தான்.

ஆறு முறைக்கு ஒரு தாயம்

ஒரு கட்டைக்கு நாலு பக்கம், இன்னொன்றுக்கும் நாலு. ஆக, கட்டைகள் விழக்கூடிய விதம் மொத்தம் 16. அதில் தாயம் விழுவது இரண்டு விதத்தில்தான். இடது கட்டை ஒன்றும் வலது கட்டை வெறுமையும். அல்லது வலது ஒன்றும் இடது வெறுமையும். எட்டு உருட்டலுக்கு ஒரு தாயம் என்பது கணக்கு.

(எண்ணிப் பாருங்கள். மிக அதிகமாக விழுவது மூன்று. அது நாலு விதத்தில் விழும். ஆறும் பன்னிரண்டும் ஒரே ஒரு விதம்தான். "எனக்கு மட்டும் மூன்றாகவே விழுகிறதே!" என்று அழுகிறவர்கள் கட்டையைக் குறை சொல்ல வேண்டாம்.)

ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறுபடி உருட்ட வாய்ப்பு உண்டு அல்லவா? அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், ஒருவருக்கு முறை வரும்போது தாயம் விழும் வாய்ப்பு ஆறில் ஒன்று. சராசரியாக ஆறு முறை காத்திருந்தால் ஒரு காய் இறங்கும்.

ஒரு முறைக்கு அரை நிமிடம் என்று வையுங்கள். உருட்ட வேண்டும், எண்ண வேண்டும், காயை நகர்த்த வேண்டும், "அது மூன்று இல்லை, நாலு" என்று சண்டை போட வேண்டும். அரை நிமிடம் அதிகம் இல்லை. நாலு பேர் ஆடினால் ஒருவர் கைக்குக் கட்டை திரும்பி வர இரண்டு நிமிடம். ஆறு முறைக்குப் பன்னிரண்டு நிமிடம். பொறுத்துக் கொள்ளலாம்.

எட்டுப் பேர் தனித்தனியாக ஆடினால்? கட்டை திரும்பி வர நாலு நிமிடம். முதல் காய் இறங்கவே சராசரி இருபத்து நாலு நிமிடம்!

சராசரி என்றால் எல்லோருக்கும் அப்படி என்று அர்த்தம் இல்லை. சிலருக்கு முதல் உருட்டலிலேயே தாயம் விழும். சிலருக்குப் பத்துச் சுற்று போனாலும் விழாது. அப்படி ஒருவர் பத்துச் சுற்று காய்ந்து கிடக்கும் வாய்ப்பு நூற்றுக்குப் பதினாறு. நாலு பேர் ஆடினால், அவர்களில் யாராவது ஒருவராவது அந்தக் கதிக்கு ஆளாகும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. எட்டுப் பேர் ஆடினால் நாலில் மூன்று பங்கு!

எட்டுப் பேருக்குப் பத்துச் சுற்று என்றால் நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடமும் ஒரு காய்கூட இறக்காமல், மற்றவர்கள் ஆடுவதையே பார்த்துக் கொண்டு உட்கார்ந்திருப்பது யார்? அது ஏழு வயதுப் பையனாக இருந்தால் பத்தாவது நிமிடத்திலேயே எழுந்து ஓடி விடுவான். புது மருமகளாக இருந்தால் வாய் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டாள். "நீங்கள் ஆடுங்கள், எனக்கு அடுப்பில் வேலை இருக்கிறது" என்று எழுந்து போய் விடுவாள். ஆட்டம் அவளை வெளியே தள்ளியது என்று யாருக்கும் தெரியாது. எல்லோரையும் சேர்த்துக் கொள்ள வேண்டும் என்று ஆரம்பித்த ஆட்டம், அடக்கமானவர்களைத்தான் முதலில் வெளியேற்றுகிறது.

எள் விழ இடம் இல்லை!

காய் இறங்கிய பிறகாவது சுகமா? அதுவும் இல்லை.

ஐந்து கட்டத் தாயத்தில் ஆளுக்கு நாலு காய் என்றால் நாலு பேருக்குப் பதினாறு காய். எட்டுப் பேருக்கு முப்பத்திரண்டு. இருக்கும் கட்டமே 25! எல்லாக் காய்களும் ஒரே நேரத்தில் இறங்காது என்பது உண்மைதான். ஆனாலும் வெளிச்சுற்றில் உள்ளது வெறும் 16 கட்டம். தீபத்தன்று மாடவீதியில் நடப்பது போலத்தான் காய் நகர வேண்டும்.

நாலு பேர் ஆட்டத்தில் ஒரு காயைத் துரத்துகிறவர்கள் மூன்று பேர். எட்டுப் பேர் ஆட்டத்தில் ஏழு பேர். உங்கள் முறை மறுபடி வருவதற்குள் ஏழு பேர் உருட்டி விடுவார்கள். உங்கள் காய் மலையில் இல்லாவிட்டால் அது தப்புவது தெய்வச் செயல்தான். வெட்டுப்பட்ட காய் மறுபடி இறங்கத் தாயம் வேண்டும். தாயத்துக்கு மறுபடி இருபத்து நாலு நிமிடம். இப்படியே போனால் பழம் பழுப்பது எப்போது?

ஏழு கட்டத் தாயம் போட்டால் நெருக்கடி குறையும். வெளிச்சுற்று 24 கட்டம் ஆகும். ஆனால் வழி நீளும். நெருக்கடி போய் நீளம் வந்து சேரும்.

கை கோர்த்தால் வழி பிறக்கும்

இதற்கு வீட்டுப் பெரியவர்கள் என்றோ வழி கண்டு பிடித்து விட்டார்கள். அதன் பெயர் "கூட்டு".

எட்டுப் பேர் வந்தால் நாலு சோடி. பக்கத்துக்கு ஒரு சோடி. சோடிக்கு ஒரே காய்க்கூட்டம். இந்தச் சுற்றில் ஒருவர் உருட்டினால் அடுத்த சுற்றில் கூட்டாளி உருட்டுவார். எந்தக் காயை நகர்த்துவது என்று இருவரும் கலந்து பேசுவார்கள்.

பார்ப்பதற்குச் சாதாரணமாக இருக்கிறது. ஆனால் இதில் உள்ள சூட்சுமத்தைக் கவனியுங்கள். தனித்தனியாக ஆடினாலும் கூட்டாக ஆடினாலும், ஒருவர் கைக்குக் கட்டை வருவது நாலு நிமிடத்துக்கு ஒரு முறைதான். அதில் மாற்றம் இல்லை. ஆனால் அவருடைய காய் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை நகர்கிறது! கூட்டாளி உருட்டும்போதும் "தாயம்! தாயம்!" என்று கத்த அவருக்கு உரிமை உண்டு. கட்டத்தில் காய் பதினாறுதான். துரத்துகிற பக்கம் மூன்றுதான். கை காத்திருக்கிறது, மனம் காத்திருக்கவில்லை.

சோடி சேர்ப்பதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது. நன்றாக ஆடும் இருவரை ஒன்றாகச் சேர்த்தால் மற்றவர்கள் பாடு திண்டாட்டம். ஏழு வயதுப் பையனை ஆயாவோடு சேர்க்க வேண்டும். ஆயாவுக்குக் கண் மங்கல். கட்டையில் உள்ள புள்ளி தெரியாது. ஆனால் எந்தக் காயை மலையில் ஏற்றுவது, எதைத் துணிந்து விடுவது என்ற யோசனை அவளுக்குத்தான் தெரியும். பையனுக்குக் கண்ணும் கையும் உண்டு, யோசனை இல்லை. இருவரும் சேர்ந்தால் ஒரு முழு ஆள்! அடுப்பில் வேலை உள்ள மருமகளும் ஆடலாம். பால் பொங்குகிறது என்று அவள் எழுந்து போனால் ஆட்டம் நிற்காது. கூட்டாளி உருட்டுவார், அவள் திரும்பி வந்ததும் "என்ன விழுந்தது?" என்று கேட்டுக் கொண்டு உட்காரலாம்.

கணவனையும் மனைவியையும் சோடி சேர்க்கலாமா? அது அவரவர் வீட்டு நிலவரத்தைப் பொறுத்தது.

ஒன்பது பேர் வந்தால் ஒரு பக்கத்துக்கு மூன்று பேர் சேரலாம். அதற்கு மேல் வேண்டாம். நாலு பேர் கூடி ஒரு காயை நகர்த்த யோசித்தால், அது பஞ்சாயத்து ஆகிவிடும்.

சகுனி உருட்டலாமா?

கூட்டு ஆட்டத்தில் ஒரே ஒரு தகராறு வரும். யார் உருட்டுவது? "எனக்குக் கை ராசி இல்லை, நீயே போடு" என்று ஒருவர் எப்போதும் கூட்டாளியிடமே கட்டையைக் கொடுத்தால் எதிர்ப் பக்கத்தார் ஒத்துக் கொள்ள மாட்டார்கள்.

இது இன்று நேற்று வந்த வழக்கு அல்ல. அஸ்தினாபுரத்துச் சபையில் நடந்த சூதாட்டத்தில் பந்தயம் வைத்தவன் துரியோதனன். ஆனால் காய் உருட்டியவன் அவன் மாமன் சகுனி. ஒருவனுக்காக இன்னொருவன் ஆடுவது முறையா என்று தருமபுத்திரர் அப்போதே கேட்டார். கேட்டவர் அத்தோடு எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை, உட்கார்ந்தார். அதன் பலன் நாடு அறியும்.

ஆகவே, "ஆளுக்கு ஒரு சுற்று, மாற்றி மாற்றித்தான் உருட்ட வேண்டும்" என்று முதல் உருட்டலுக்கு முன்பே பேசிக்கொள்வது நல்லது. அதோடு இன்னும் இரண்டையும் பேசி விட வேண்டும். காய் இறங்கத் தாயம் மட்டும்தானா, ஐந்து விழுந்தாலும் இறக்கலாமா? கூட்டம் அதிகம் என்றால் ஐந்தையும் சேர்த்துக் கொள்ளலாம். அப்போது சராசரி ஆறு முறை என்பது மூன்றரை முறையாகக் குறைகிறது. சிறுவர்கள் முகம் மலர்ந்து விடும். இரண்டாவது, எத்தனை பழம் பழுத்தால் ஆட்டம் முடியும்? எல்லாக் காயும் பழமாக வேண்டும் என்றால் இரவாகி விடும். இரண்டு பழம் போதும் என்று வைத்தால் தீபத்துக்கு முன் முடியும்.

காசு வைத்து ஆடுவது மட்டும் கூடவே கூடாது. கூட்டாளி தவறாக நகர்த்தி ஒரு காய் வெட்டுப்பட்டால் சிரித்து விடலாம். அதனால் பத்து ரூபாய் போயிற்று என்றால் சிரிப்பு வராது. மாமன் மச்சான் பேச்சு வார்த்தை நின்று போகும்.

ராஜா கண்ட வழி வேறு

ஆள் அதிகம் ஆனால் கட்டத்தைப் பெரிதாக்கினால் என்ன? இப்படி நினைத்தவர் ஒரு ராஜா!

மைசூரை ஆண்ட மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் (1794-1868) ஆட்டப் பிரியர். ஆட்சி அதிகாரத்தை வெள்ளைக்காரர்கள் எடுத்துக்கொண்ட பிறகு அவருக்குப் பொழுது நிறைய இருந்தது. புதிது புதிதாக ஆட்டங்களை அமைத்தார். அவர் அமைத்த சீட்டு ஆட்டங்களில் ஒன்றுக்கு 360 சீட்டு வேண்டும். நாலு கை நீண்டிருக்கும் சொக்கட்டான் பலகைக்கு மேலும் கைகளைச் சேர்த்து, அதிகம் பேர் உட்கார்ந்து ஆடும்படி செய்தார். ஆளுக்குத் தக்க பலகை என்பது அவர் கொள்கை. ராஜாவுக்கு அது சரி. பலகை செய்யத் தச்சன் உண்டு. ஆட்டம் முடியும் வரை உட்கார்ந்திருக்க அரண்மனை ஆட்கள் உண்டு. சுண்ணாம்புக் கட்டியும் ஒரு பாயும் வைத்திருக்கிற குடும்பத்துக்குக் கூட்டுத்தான் வழி.

சொல்லப்போனால், கூட்டு என்பது சொக்கட்டானில் தொடக்கத்திலிருந்தே உள்ள வழக்கம். அதில் நாலு பேர் ஆடினாலும் எதிரெதிரே உட்காருகிற இருவர் ஒரு கட்சி. ஒருவர் காய் எல்லாம் வீடு சேர்ந்தால் மட்டும் போதாது. கூட்டாளியின் காயும் சேர வேண்டும். இந்த ஆட்டத்தை வெள்ளைக்காரர்கள் தங்கள் நாட்டுக்குக் கொண்டு போய் மாற்றினார்கள். அப்படிப் பிறந்த "லூடோ"வுக்கு 1896-ம் ஆண்டு இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கினார்கள். அட்டையில் அச்சிட்டார்கள். நாலு நிறம் கொடுத்தார்கள். ஆனால் கூட்டை விட்டு விட்டார்கள்! லூடோவில் அவரவர் காய் அவரவருக்கு. ஐந்தாவது ஆள் வந்தால் அவருக்கு நிறம் இல்லை. பெட்டியின் மேல் "இரண்டு முதல் நாலு பேர்" என்று போட்டு விட்டார்கள். போன பொருள் பெட்டிக்குள் அடைபட்டு நம் நாட்டுக்கே திரும்பி வந்தது. இப்போது ஆறு மூலை லூடோ அட்டை கடைகளில் விற்கிறது. கைப்பேசியிலும் ஆறு பேர் ஆடும் லூடோ இருக்கிறது. ஆளைச் சேர்த்தார்கள், கூட்டாளியைச் சேர்த்தார்களா என்பதுதான் கேள்வி.

எல்லா ஆட்டத்துக்கும் இது ஆகுமா?

ஆகாது. ஆட்டத்துக்கு ஆட்டம் குணம் வேறு.

பரமபதத்துக்கு ஆள் கணக்கே இல்லை. ஆளுக்கு ஒரு காய், அவ்வளவுதான். ஏணி யாருக்கும் சொந்தம் இல்லை. பாம்பு யாருக்கும் பகை இல்லை. ஒருவர் காயை இன்னொருவர் வெட்டுவதும் கிடையாது. பத்துப் பேர் ஆடினாலும் காத்திருக்கும் நேரம் கூடுமே தவிர, ஆட்டம் கெடாது.

ஆடு புலி ஆட்டத்தில் புலி மூன்று, ஆடு பதினைந்து. ஆடுகிறவர்கள் இருவர் என்பது சட்டம். ஆனால் ஆட்டுக்காரர் பின்னால் எப்போதும் நாலு பேர் நிற்பார்கள். "அங்கே வை, இங்கே வை" என்று அவர்கள் கத்துவார்கள். ஆடுகள் கூட்டமாக நின்றால்தான் புலி அடைபடும். ஆகவே ஆட்டுப் பக்கத்துக்கு ஆள் அதிகம் இருப்பது பொருத்தமாகத்தான் இருக்கிறது! பழைய கோவில் மண்டபங்களில் கல் தரையிலேயே தாயக்கட்டமும் ஆடு புலிக் கோடும் கீறியிருப்பதைப் பல ஊர்களில் பார்க்கலாம். அங்கே இருவர் ஆட, இருபது பேர் சுற்றி நின்றிருக்க மாட்டார்கள் என்று யார் சொல்ல முடியும்?

கேரம் பலகைக்கு நாலு பக்கம். இருவர் தனித்தனியாக ஆடலாம். நாலு பேர் இரண்டு கட்சியாக ஆடலாம். ஐந்தாவது ஆளுக்கு இடமே இல்லை. தெரு முனைச் சங்கங்களில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். தோற்ற சோடி எழுந்திருக்க வேண்டும். காத்திருக்கும் சோடி உட்கார வேண்டும். இளைஞர்களுக்கு இது ஏற்ற வழி. தோற்றால் இடம் போய் விடும் என்ற பயத்தில் ஆட்டம் சூடு பிடிக்கும். ஆனால் வீட்டுக்கு இது உதவாது. முதலில் தோற்பவர்கள் சிறுவர்களும் பாட்டிகளும்தான். கெட்டிக்காரர்கள் உட்கார்ந்தே இருப்பார்கள்.

மிகவும் மோசம், சொத்து வாங்கி விற்கும் ஆட்டங்கள். 1935-ம் ஆண்டு அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த "மோனோபோலி"யில் வாங்கக்கூடிய சொத்து மொத்தம் 28. நாலு பேர் ஆடினால் ஆளுக்கு ஏழு வரும். பத்துப் பேர் ஆடினால் ஆளுக்கு மூன்றுகூட முழுதாக வராது. ஒரே நிறத்துச் சொத்து எல்லாம் ஒருவரிடம் சேர்ந்தால்தான் வீடு கட்டலாம் என்பது சட்டம். ஆள் அதிகமானால் யாரிடமும் சேராது. ஒருவரும் வீடு கட்ட முடியாது. ஒருவரும் திவாலாகவும் முடியாது. சுற்றிச் சுற்றி வர வேண்டியதுதான். அந்த ஆட்டத்திலும் இருவர் கூடி ஒரு கடை நடத்துவது போல ஆடிப் பாருங்கள், பிழைத்துக் கொள்ளும்.

தீபத்துக்கு ஒன்று, சிவராத்திரிக்கு ஒன்று

எட்டுப் பேர் தனித்தனியாக ஆடுவதே தவறு என்று முடிவு கட்டி விடக்கூடாது. அதற்கும் ஒரு நாள் இருக்கிறது.

தீபத்தன்று ஆட்டம் சீக்கிரம் முடிய வேண்டும். மணி ஐந்தரை ஆனால் எல்லோரும் மொட்டை மாடிக்குப் போக வேண்டும். அகல் விளக்குகளுக்குத் திரி போட வேண்டும். மலை உச்சியில் சுடர் தெரிந்த பிறகுதான் வீட்டில் விளக்கு ஏற்றுவார்கள். அந்த நேரத்தில் "என் காய் பழமாக இன்னும் இரண்டுதான் வேண்டும்" என்று ஒருவர் கட்டத்தைக் காத்துக் கொண்டு கீழே உட்கார்ந்திருக்க முடியுமா? ஆகவே அன்று கூட்டு ஆட்டம், இரண்டு பழம், ஐந்துக்கும் காய் இறங்கும்.

மாசி மாதத்து மகா சிவராத்திரிக்கு அது உதவாது. அன்று இரவு முழுதும் கண் விழிக்க வேண்டும். அண்ணாமலையார் ஊரில் அந்த இரவுக்குத் தனி மதிப்பு. கோவிலில் நாலு கால பூசை நடக்கும். போக முடியாதவர்கள் வீட்டில் விழித்திருப்பார்கள். வைகுண்ட ஏகாதசி இரவு பரமபதம் ஆடுவது போல, சிவராத்திரிக்கும் பாய் விரிப்பவர்கள் உண்டு. அன்று ஆட்டம் சீக்கிரம் முடிந்தால்தான் ஆபத்து! முடிந்ததும் ஒவ்வொருவராகச் சாய்ந்து விடுவார்கள்.

அன்று எட்டுப் பேருக்கும் தனித்தனிக் காய் கொடுங்கள். ஏழு கட்டம் போடுங்கள். தாயம் விழுந்தால்தான் இறங்க வேண்டும். வெட்டினால்தான் உள்ளே போக வேண்டும். எல்லாக் காயும் பழமாக வேண்டும். பகலில் எது குறையோ அது இரவில் வசதி. மாலை ஆறு மணிக்குத் தொடங்கி விடியற்காலை ஆறு மணி வரை 720 நிமிடம். அரை நிமிடத்துக்கு ஒரு முறை என்றால் ஆளுக்குத் தொண்ணூறு தடவை... இல்லை, நூற்று எண்பது தடவை கட்டை கைக்கு வரும். இடையில் சுக்குக் காப்பி போடுகிறவருக்குப் பதிலாக அடுத்தவர் உருட்டுவதா, அவர் வரும் வரை நிறுத்துவதா என்பதை மட்டும் முன்னாலேயே பேசிக்கொள்ள வேண்டும். கடைசிக் காய் பழமாவதற்குள் வாசலில் பால்காரர் மணி அடித்து விடுவார்.